வெல்-லெம் 709

சாகினா, மிச்சிகன்
பிப்ரவரி 11, 1998

அன்புள்ள ராஸ்கோவுக்கு,

வெல்டா எழுதுகிறேன். தேடியஸ் புரூயிட்டின் மகள். இருபத்தொன்பது வருடங்கள் ஆகிவிட்டன, யார் என்று சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் முறை. இங்கே முழங்கால் வரை பனி. நீ இருக்கும் டூசானில் வெயில் அடிக்கும். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்.

உன் முகவரியைக் கொடுத்தவர் ஆர்மராட் என்ற இங்கிலாந்துக்காரர். போன செவ்வாய்க்கிழமை வந்தார். அவர் ஊரில் தண்ணீர்க் குழாய் பழுது பார்க்கிறவர். சொந்தத் தேயிலையைச் சட்டைப் பையில் கொண்டு வந்திருந்தார். சமையலறை மேசையில் உட்கார்ந்து, துண்டில் சுற்றியிருந்த இசைத்தட்டு ஒன்றை இரண்டு கையாலும் எடுத்து வைத்தார். நீல லேபிள். வெள்ளி எழுத்தில் வெல்-லெம். அப்பாவின் கம்பெனி. 709.

வெல்-லெம் என்பது எந்த ஊர் என்று கேட்டார். ஊர் இல்லை, நானும் என் தம்பியும் என்றேன். வெல்டாவில் பாதி, லெமுவேலில் பாதி. நோட்டில் எழுதிக்கொண்டார். தம்பி எங்கே என்றார். வியட்நாமில் போய்விட்டான், அறுபத்தேழில் என்றேன். தொப்பியைக் கழற்றினார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார்.

முதல் எழுநூறு இசைத்தட்டுகளையும் பன்னிரண்டு வருடங்களாகத் தேடிக்கொண்டிருக்கிறாராம். ஒன்றுகூடக் கிடைக்கவில்லையாம். அப்பா 701-இல்தான் தொடங்கினார் என்று சொல்ல வேண்டியிருந்தது. உனக்கு நினைவிருக்கும். "ஒண்ணுன்னு போட்டா நேத்து பொறந்த கம்பெனின்னு சிரிப்பாங்க. எழுநூறு எங்கேன்னு எவனாவது கேட்டா, வித்துப்போச்சுன்னு சொல்லு." மொத்தமே ஒன்பதுதான் என்றேன். ஆர்மராட் நோட்டை மூடினார். அவருக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தேன்.

பிறகு உன்னைப் பற்றிச் சொன்னார். இங்கிலாந்தில் கடலோரத்தில் ஒரு ஊர், பெரிய மண்டபம். வருடத்துக்கு ஒரு முறை மூவாயிரம் பேர் கூடி நம்மைப் போன்றவர்களின் பழைய தட்டுகளுக்கு ஆடுவார்களாம். "இன்னும் ஒரு பஸ் உண்டு" என்ற இந்த 709 பாட்டுக்கு இருபது வருடங்களாக ஆடுகிறார்களாம். மே மாதம் உன்னை மேடையில் ஏற்றப் போகிறார்களாம். உனக்கு போன் செய்தபோது நீ "நான்தாங்க" என்று சொன்னாயாம்.

மூன்றாவது சரணத்தில் வார்த்தை இல்லாமல் வெறும் ம்ம் என்று இழுக்கிற இடம்தான் அவர்களுக்கு உயிராம். அதை ஏன் அப்படிப் பாடினீர்கள் என்று கேட்டதற்கு நீ சொன்ன பதிலையும் சொன்னார். "அன்னைக்கு எனக்குச் சளிங்க. தொண்டை கட்டிக்கிச்சு. வார்த்தை வரல."

ராஸ்கோ, அன்று உனக்குச் சளி இல்லை. அன்று நீ அங்கே இல்லை.

இதை ஆர்மராட்டிடம் சொல்லவில்லை. கோபம் இருக்கிறதா என்று எனக்குள் பார்த்தேன். இல்லை. எதுவும் இல்லை. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, எழுந்து போய் அணைத்தேன்.

அவர் ஒரு காகிதம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒருமுறை தப்பான ஆளை மேடையேற்றி அவமானப்பட்டார்களாம். அதனால் கம்பெனிக்காரரோ அவர் வாரிசோ எழுதித் தர வேண்டும்: 709-இல் கேட்கும் குரல் இன்னாருடையது. கீழே கையெழுத்து. வாரிசு நான் ஒருத்திதான். அது வந்தால்தான் உன் பயணம் உறுதி. ஏப்ரல் முடிவுக்குள் வேண்டும். அப்பாவின் காகிதங்களைத் தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்பாவிடம் காகிதமே கிடையாது என்று உனக்குத் தெரியும்.

காகிதம் உப்புக் குடுவையின் அடியில் இருக்கிறது. அதில் நான் என்ன எழுத வேண்டும் என்று நீ சொல்.

எழுத வராவிட்டால் போன் செய். அதே வீடு. அதே எண்.

வெல்டா

---

சாகினா
மார்ச் 3, 1998

அன்புள்ள ராஸ்கோ,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியபோது நான் அதிகம் பேசவில்லை என்று வருத்தப்பட்டாய். வருத்தப்பட ஒன்றுமில்லை. நான் இப்போது யாரிடமும் அப்படித்தான். பள்ளி நூலகத்தில் வேலை செய்கிறேன், அதற்கு இது வசதியாகத்தான் இருக்கிறது.

உன் மனைவி இறந்ததற்கு வருந்துகிறேன். அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

நீ சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். "முப்பது வருஷமா என் பேரை யாரும் முழுசா கூப்பிட்டதில்ல வெல்டா. ஸ்கூல் பஸ்ல ஏறுற பசங்களுக்கு நான் வெறும் டிரைவரு. அந்தாளு போன்ல, ராஸ்கோ டெவெரோங்களான்னு மரியாதையாக் கேட்டான். ஆமான்னு வாயில வந்துடுச்சு. அப்புறம் எப்படி இல்லேங்கறது?" நீ பொய் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். உன் பெயரைத்தான் கேட்டிருக்கிறார். அது உன் பெயர்தான்.

பாட்டு என்னுதுதானே என்றும் கேட்டாய். ஆமாம். பாட்டு உன்னுடையது. அதில் சண்டை இல்லை.

ஆனால் அந்த நாளைப் பற்றி நீ ஒருமுறைகூட என்னிடம் கேட்டதில்லை. அதனால் எழுதுகிறேன்.

1967, மார்ச், சனிக்கிழமை. நாற்காலிக் கடைக்கு மேலே இருந்த அந்த ஒலிப்பதிவு அறையைப் பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை எடுத்திருந்தோம். வாசிக்கிறவர்கள் எல்லோரும் இரும்பு வார்ப்பாலையில் மூன்று மணி ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள். பதினொன்று ஆயிற்று. நீ வரவில்லை. ஆர்கன் வாசிக்கும் ஹோரஸ்தான் சொன்னார்: "உங்க பாட்டுக்காரரு டெட்ராய்ட்ல பெரிய கம்பெனி வாசல்ல வரிசையில நிக்கறாராம் தேடியஸ். நாங்க இங்க மாப்பிள்ளை வராத கல்யாணத்துல உக்காந்திருக்கோம்." எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

லேபிள்கள் மூன்று வாரத்துக்கு முன்பே அச்சாகி, தட்டுப் போடும் ஆலையில் காத்திருந்தன. அப்பாவின் வழக்கம் அது. "பேரை மொதல்ல அடிச்சுட்டா பாட்டு வந்துதான் ஆகணும்" என்பார். டைப் அடித்து அனுப்பியது நான். பாட்டின் பெயர். கீழே, ராஸ்கோ டெவெரோ. ஓரத்தில் 2:35. ஒவ்வொன்றுக்கும் 2:35தான் போடுவோம், மூன்று நிமிடம் தாண்டினால் ரேடியோக்காரர்கள் தொடமாட்டார்கள் என்று. பாட்டு மூன்று நிமிடம் பத்து விநாடி ஓடுகிறது. அந்தத் தட்டில் எண் பொய். நேரம் பொய். பெயர் பொய். மூன்றும் என் கையால் அடித்தவை.

லெமுவேல் ஆர்கனைப் படியில் ஏற்ற வந்தவன். போருக்குப் புறப்படுவதற்கு முன் பத்து நாள் லீவு. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள், காது பெரிதாகத் தெரிந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான்.

அப்பா கேட்டார்: "டேய், வார்த்தை தெரியுமா?"

"ரெண்டு சரணம் தெரியும். மாசக்கணக்கா நம்ம வீட்டு வாசல்ல நின்னு அக்காவுக்குப் பாடினான்ல. காதை எங்க கொண்டு வைக்கறது?"

நான் அவனை முறைத்தேன். காகிதத்திலும் இரண்டு சரணம்தான் இருந்தது. மூன்றாவது உன் மண்டைக்குள் இருந்தது. அப்பா சொன்னார்: "மூணாவதுக்கு ம்ம்-னு இழு. அதுவரைக்கும் எவன் கேக்கப் போறான்."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அம்மாவுக்குத் தெரிஞ்சா?" என்றான்.

அம்மாவுடைய சபையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேவனைப் பாடாத உலகப் பாட்டு எங்கள் வீட்டில் கிடையாது. அப்பா கம்பெனி நடத்தலாம், தட்டுகள் கீழறையில் இருக்கலாம், ஆனால் வீட்டுக்குள் ஒன்றும் சுழலக் கூடாது. அதுதான் அவர்களுக்குள் ஒப்பந்தம். லெமுவேல் தன் பன்னிரண்டு வயதில், சபையில் மட்டுமே பாடுவேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தவன்.

அப்பா சொன்னார்: "பேரு ராஸ்கோன்னு ஏற்கெனவே அடிச்சாச்சு. அவளுக்கு எப்படிடா தெரியும்?"

ஒரே தடவைதான் பாடினான். இரண்டாவதற்கு நேரம் இல்லை.

திங்கட்கிழமை நீ திரும்பி வந்தாய். டெட்ராய்ட்டில் உன்னை முழுதாகக்கூடக் கேட்கவில்லை என்று யாரோ சொன்னார்கள். நீ லெமுவேலிடம் "என் பேருக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துடலையே?" என்றாய். அவன், "உன்னை விட நல்லாப் பாடிட்டேன்டா. இனிமே நீதான் என்னை மாதிரி பாடிக் கத்துக்கணும்" என்றான். இரண்டு பேரும் அடித்துக்கொண்டு சிரித்தீர்கள். அவனை வழியனுப்ப அம்மா செய்த கேக்கில் மீதியைத் தின்று தீர்த்தீர்கள்.

புதன்கிழமை பஸ் ஏறினான். தட்டு மே மாதம் வந்தது. அவன் அதைக் கேட்டதில்லை. அக்டோபரில் தந்தி.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நீ அடக்கத்துக்கு வந்தாய், பின்வரிசையில் நின்றாய், அடுத்த வருடம் மேற்கே போய்விட்டாய். அப்பா வாரக்கடைசியில், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ்களைக் கடைகளில் பழுது பார்ப்பாரே, அந்தப் பெட்டிகளில் 709-ஐத் தானே வைத்திருந்தார். தந்தி வந்த வாரம் ஒவ்வொரு கடையாகப் போய் அதை மட்டும் எடுத்துவிட்டார். அந்த இடத்தில் வேறு தட்டு வைக்கவில்லை. அந்தப் பொத்தானை அழுத்தினால் பெட்டி காசை வாங்கிக்கொண்டு சும்மா நிற்கும். ஆட்கள் உதைப்பார்கள். பத்தாவது தட்டு அவர் போடவில்லை.

என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "அவன் சபைப் பாட்டு மட்டுந்தான் பாடினான்னு அவ நினைச்சுக்கட்டும். அதையும் அவகிட்டருந்து எடுக்க வேணாம்." நான் தலையாட்டினேன். எனக்கு இருபது வயது.

விற்காத பெட்டிகள் கீழறையில் அடுக்கி இருந்தன. அம்மா அவற்றின் மேல் போர்வை விரித்துத் துணி மடித்து வைப்பாள். பத்தொன்பது வருடங்கள். இடையில் அப்பா போனார். நான் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், முதலில் அப்பா சொன்னதால். பிறகு நாளாகிவிட்டதால்.

எண்பத்தாறு செப்டம்பரில் வெள்ளம். கீழறையில் இடுப்பளவு தண்ணீர். பெட்டிகள் ஊறி உப்பிவிட்டன. அம்மா ஆள் வைத்து எடுத்துத் தெருவோரம் போடச் சொன்னாள். வாசலில் நின்று, "அதையும் எடுப்பா, அந்த மூலையில இருக்கறதையும் எடு" என்று கை காட்டினாள். குப்பை லாரி வந்தது. "உங்கப்பாவோட கிறுக்கு ஒருவழியாப் போச்சுடி" என்றாள். சந்தோஷமாக இருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். நனையாத ஒன்றே ஒன்றை முதல் நாளே எடுத்து என் அலமாரியில் வைத்திருந்தேன்.

மூன்று வருடம் கழித்து, பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "அவன் முகம் போட்டோல இருக்கு. குரல்தான் வரமாட்டேங்குது. எவ்வளவு நேரம் கண்ணை மூடினாலும் வரமாட்டேங்குது. உனக்கு வருதா?"

எனக்கும் வரலம்மா என்றேன்.

மாடியில் அலமாரி. பதினான்கு படி. ஆனால் அதைக் கொண்டு வந்து கொடுத்தால் மீதியை லாரியில் ஏற்றியது யார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பட்டாணியை உரித்து முடித்தோம். தொண்ணூற்றொன்றில் போனாள்.

இதைப் படித்துவிட்டு எனக்கு ஆறுதல் எழுத வேண்டாம். அந்தக் காகிதத்தைப் பற்றி நினைத்துப் பார். போனில் நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் சொல்லவில்லை. பசங்க வந்துட்டாங்க என்று வைத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை ஸ்கூல் பஸ் ஓடாது, ராஸ்கோ.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வெல்டா

---

சாகினா
ஏப்ரல் 19, 1998

அன்புள்ள ராஸ்கோ,

உன் கடிதம் வந்தது. பனி போய்விட்டது. தெருவோரத்தில் மட்டும் கறுப்பாகக் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கூரை மாற்றுகிறார். வேறு செய்தி இல்லை.

நீ எழுதியதை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன், சரியாகப் படித்தேனா என்று. நீ போக விரும்புகிறாய். போனால் ராஸ்கோ டெவெரோவாகத்தான் போக முடியும். அங்கே அறிவிப்புத் தாள்கள் ஒட்டியாகிவிட்டன. உண்மையைச் சொன்னால் கூப்பிட மாட்டார்கள் என்று பயமாக இருக்கிறது, சொல்லாமல் போனால் தூங்க முடியாது என்றும் பயமாக இருக்கிறது. முடிவை என்னிடம் விட்டுவிடுகிறாய். "நீ என்ன எழுதினாலும் சரி வெல்டா. நீ சொன்னா நான் வாயைத் திறக்கமாட்டேன்."

பிறகு, பரிகாரம் போல, மூன்றாவது சரணத்தை எழுதியிருக்கிறாய். முப்பத்தொரு வருடங்களாக யாருக்கும் காட்டாமல் வைத்திருந்ததாகவும், அது முழுக்க எனக்காகவே எழுதியது என்றும், மேடையில் அந்த இடம் வரும்போது அதைப் பாடுவேன் என்றும். தனித்தாளில் மடித்து வைத்திருக்கிறாய். பிரிக்காமல் திருப்பி அனுப்புகிறேன். இந்த உறைக்குள் இருக்கிறது. நீயே பார்த்துக்கொள், மடிப்பு உன்னுடையதுதான்.

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் போன பிறகு நூலகத்தில் 709-ஐப் போட்டேன். பழைய கருவி ஒன்று இருக்கிறது, கதை கேட்க வைத்திருப்பது, காதில் மாட்டிக்கொள்கிற மாதிரி. வெள்ளத்துக்குப் பிறகு தட்டை வெளியே எடுத்தது அன்றுதான்.

கொஞ்சம் வளைந்திருக்கிறது. ஊசி ஏறி இறங்குகிறது. முதல் சரணம், இரண்டாவது சரணம், உன்னைப் போலவே பாட முயற்சி செய்கிறான். உன் இழுப்பு, உன் நிறுத்தம். அது நீதான் என்று சொன்னால் நானே நம்பிவிடுவேன். மூன்றாவது வருகிறது. வார்த்தை இல்லை. அங்கே பார்த்துப் பின்பற்ற உன்னுடையது எதுவும் இல்லை. அந்த இடத்தில்தான் அவன் வருகிறான். சபையில் பின்வரிசையில் நின்று, பாட்டுப் புத்தகம் இல்லாதபோது, அவன் இப்படித்தான் இழுப்பான். அம்மா முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்க்காமலே சிரிப்பாள்.

அழுவேன் என்று நினைத்தேன். ஊசி கடைசி வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தேன். தட்டைப் பையில் போட்டேன். விளக்கை அணைத்துப் பூட்டினேன். வழியில் ரொட்டி வாங்கினேன்.

ஆர்மராட் அவர்களின் மண்டபத்தைப் பற்றிச் சொன்ன ஒன்றை உனக்கு எழுதவில்லை. அந்த இடம் வரும்போது ஆட்டத்தை நிறுத்திவிடுவார்களாம். மூவாயிரம் பேரும் அப்படியே நின்று, அவன் இழுத்ததை அவன் மூச்சு வாங்கிய இடத்திலேயே மூச்சு வாங்கி இழுப்பார்களாம். குழாய் வேலைக்காரர்கள், நர்சுகள், லாரி ஓட்டுகிறவர்கள். "எங்க எல்லாருக்கும் அது மனப்பாடங்க" என்றார்.

காகிதம் இதனுடன் இருக்கிறது. கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன். தேதியும் போட்டுவிட்டேன். குரல் யாருடையது என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அந்த இடத்தில் ஒருமுறை நான் பெயர் அடித்தாகிவிட்டது. இந்த முறை நீ எழுது. முடிவை உன்னிடம் தள்ளுகிறேன் என்று நினைக்காதே. அது எப்போதும் உன்னிடம்தான் இருந்தது.

எந்தப் பெயரை எழுதினாலும் ஆர்மராட்டுக்கு நேராக அனுப்பிவிடு. எனக்குச் சொல்ல வேண்டாம். நான் மறுக்கமாட்டேன், யாரிடமும் பேசமாட்டேன். பேசாமல் இருப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எந்தப் பெயரை எழுதிவிட்டு மேடை ஏறினாலும் சரி. மூன்றாவது சரணம் வரும்போது பாடாதே. அந்த வார்த்தைகள் எனக்காக எழுதியவை என்றால் அவற்றை வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் எனக்கு இருக்கிறது. மைக்கிலிருந்து ஒரு அடி பின்னால் தள்ளி நில். கையைக் கட்டிக்கொள். அவர்கள் இழுப்பார்கள். நீ கேள். நீ அன்று அந்த அறையில் இல்லை. இப்போது இரு.

கடலோர ஊர், மே மாதத்திலும் காற்று இருக்குமாம். கழுத்தைச் சுற்றி ஏதாவது கட்டிக்கொண்டு போ. நல்லபடியாகப் போய், நல்லபடியாக வீடு வந்து சேர். உனக்குச் சளி எதுவும் பிடிக்காமல் இருக்கட்டும்.

வெல்டா